பழுப்பேறிய சிடார் வேலி: மீட்பதா, மீண்டும் நடுவதா, மாற்றுவதா?

ரொறன்ரோவின் கிழக்குப் புறநகரில் நாங்கள் வாங்கிய மூலைக் காணி வீட்டின் பின்முற்றத்தை மூன்று பக்கங்களிலும் சிடார் வேலி சூழ்ந்திருந்தது. வீட்டைப் பார்க்கப் போன ஓகஸ்ட் மாதத்தில் அது ஒரே பச்சைச் சுவராகத் தெரிந்தது. அடுத்த ஏப்ரலில் பனி உருகியபோது, வீதியை ஒட்டிய மேற்குப் பக்கம் துரு நிறத்தில் நின்றது. வடக்குப் பக்கம் நான்கு மீட்டர் உயரத்துக்கும் இரண்டு மீட்டர் அகலத்துக்கும் பெருத்து முற்றத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. அயலவரின் பெரிய மேப்பிள் மரத்தின் நிழலில் நின்ற தெற்குப் பக்கத்தில் இடுப்பளவு வரை இலையே இல்லை. இருப்பதைக் கவ்வாத்துச் செய்து மீட்பது, பிடுங்கிவிட்டுப் புதிய சிடார் நடுவது, பலகை வேலியோ வேறு மரமோ கொண்டு மாற்றுவது என்று மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. எதைத் தேர்ந்தாலும் பல ஆண்டுகள் அதனோடு வாழ வேண்டும் என்பதால் அவசரப்படாமல் ஓர் ஆண்டு முழுவதும் வேலியைக் கவனித்தேன். அப்போது அறிந்தவற்றை, இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த மரம் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒன்ராறியோவில் சிடார் வேலி என்று எல்லோரும் சொல்வது உண்மையான சிடார் அல்ல. நம் நூல்களில் தேவதாரு எனப்படும் இமயமலை மரத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. இது கிழக்கு வெள்ளைச் சிடார், தாவரவியற் பெயரில் தூயா ஒக்சிடென்டாலிஸ். கனடாவின் கிழக்குப் பகுதியில் சதுப்பு நிலத்திலும் சுண்ணாம்புப் பாறையிலும் தானாக வளரும் மண்ணின் மரம். 1535-36 குளிர்காலத்தில், இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் இடத்தில் ஜாக் கார்ட்டியேயின் ஆட்கள் ஸ்கர்வி நோயால் மடிந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த பூர்வகுடி மக்கள் காய்ச்சிக் கொடுத்த ‘அன்னெடா’ என்ற மரத்தின் கஷாயம் இந்த மரத்திலிருந்தே வந்தது என்று பலர் கருதுகின்றனர். இந்தச் சிடாரின் மற்றொரு பெயர் ‘வாழ்வின் மரம்’ என்ற பொருளைத் தருகிறது.

இந்த மரம் வலிமையற்றது என்று எண்ணவும் கூடாது. 1980களின் பிற்பகுதியில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் டக் லார்சனும் அவருடைய குழுவினரும் நயாகரா செங்குத்துப் பாறைச் சரிவில் தொங்கிக்கொண்டிருந்த குட்டையான சிடார் மரங்களின் வளையங்களை எண்ணியபோது, அவற்றுள் சில ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவை என்று தெரியவந்தது. மண்ணே இல்லாத பாறை வெடிப்பில் அத்தனை காலம் நிற்கும் மரம் நம் முற்றத்தில் பத்தே ஆண்டுகளில் பட்டுப்போகிறது என்றால், குறை பெரும்பாலும் நட்ட விதத்திலோ, நீரிலோ, வெட்டிய விதத்திலோதான் இருக்கும்.

வெட்டும் விதத்தைப் பற்றி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்னைப் போன்றவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களை நட்டு வேலி அடைத்த கைகள் நம்முடையவை. குழைக்காகவும் அலம்பலுக்காகவும் அவற்றை மொட்டையாக வெட்டினாலும் அடுத்த மழைக்குத் தண்டெங்கும் துளிர்த்துவிடும். வேலி மரம் என்றால் வெட்ட வெட்டத் தழைக்கும் என்பது எமக்குள் ஊறிய நம்பிக்கை. சிடாரிடம் அந்த நம்பிக்கை செல்லாது. இலை உதிர்ந்து பழுப்பான முதிர்ந்த கிளையில் மீண்டும் துளிர்ப்பதற்கான மொட்டு அதனிடம் அநேகமாக இல்லை. பச்சை இலை இருக்கும் இடத்துக்குள் வெட்டினால் தளிர்க்கும். அதைத் தாண்டி உள்ளே வெட்டினால் அந்த இடம் வெறும் குச்சியாகவே நிற்கும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், அகலத்தைப் பாதியாகக் குறைக்க ஒரே நாளில் இயந்திரக் கத்தரியால் சீவிய வேலி, ஆறு ஆண்டுகளாகியும் ஒரு பக்கம் எலும்புக்கூடாக நிற்கிறது.

ஆகவே மூன்று வழிகளை ஒப்பிடுவதற்கு முன், வேலிக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம் உயிருள்ள இலை இருக்கிறது? ஒரு சாண் அளவுக்குப் பச்சை இருந்தால் திருத்துவதற்கு இடமுண்டு. நாலு விரற்கடை மட்டுமே இருந்தால் அகலத்தைக் குறைக்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். வெளியிலேயே பழுப்பாக இருக்கும் கிளைகளில் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்கலாம். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் கிளை உயிரோடு இருக்கிறது, காய்ந்த பழுப்புத் தெரிந்தால் அது போய்விட்டது. எங்கள் வடக்கு வேலியில் ஒரு சாணுக்கு மேல் பச்சை இருந்தது. மேற்கில் வீதிப் பக்கக் கிளைகளில் பாதிக்கு மேல் காய்ந்திருந்தன.

பழுப்பு எல்லாம் நோயும் அல்ல. செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் உட்புறத்து முதிர்ந்த இலைகள் மஞ்சளாகிப் பழுத்து உதிர்வது ஆண்டுதோறும் நடப்பது; வெளி நுனிகள் பச்சையாக இருக்கும்வரை அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. வசந்தத்தில் காற்றும் வெயிலும் படும் பக்கம் மட்டும் பழுத்து, பனிக்குள் புதைந்திருந்த அடிப்பகுதி பச்சையாக இருந்தால், அது குளிர்காலக் காய்ச்சல்: மண் உறைந்து வேர் நீரெடுக்க முடியாத நேரத்தில் இலை மட்டும் நீரை இழந்து வரண்டிருக்கிறது. வீதியோரத்தில் மட்டும் தெரிந்தால் பனிவாரிகள் வாரி இறைக்கும் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். நுனிகள் மட்டும் காய்ந்திருந்தால் ஒன்றைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே குடைந்த வெற்றிடமோ சிறு பச்சைப் புழுவோ தெரிந்தால் அது இலை குடையும் பூச்சி. ஒரு வெள்ளைத் தாளைக் கிளையின்கீழ்ப் பிடித்துத் தட்டும்போது விழும் தூசுகள் நகர்ந்தால் அவை சிலந்திப் பேன்கள். ஒரு மரம் மட்டும் அடியிலிருந்து நுனிவரை ஒரேயடியாக மங்கினால், நீர் தேங்கி வேர் அழுகியிருக்கலாம்.

இதைக் கண்டறியாமல் முடிவெடுப்பது பணத்தை மண்ணில் புதைப்பதாகும். நீர் தேங்கும் குழியில் பட்டுப்போன மரத்தின் இடத்தில் இன்னொன்றை நட்டால் அதுவும் பட்டுப்போகும். உப்பு படும் இடத்துக்கும் இதுவே பொருந்தும்.

மீட்பது

பச்சை போதுமான ஆழத்துக்கு இருந்தால், மீட்பதைப் போல மலிவான வழி வேறில்லை. முப்பது ஆண்டு வேர் ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது; புதிய கன்று அதை எட்டுவதற்கு நம் வாழ்நாளில் பெரும் பகுதி போய்விடும். ஆனால் இந்த வழி பொறுமையைக் கேட்கிறது. அகலத்தை ஒரே ஆண்டில் குறைக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் பச்சைக்குள் நின்று சில சென்ரிமீட்டர் மட்டும் எடுத்து, உட்புறத்துக்கு வெளிச்சம் போகவிட்டு, அங்கே இலை பெருகிய பிறகே அடுத்த படி. உயரத்தைக் குறைப்பதில் சற்றுக் கூடுதல் சுதந்திரம் உண்டு. உச்சியில் வெட்டுவாய் பழுப்பாகத் தெரிந்தாலும் கீழே நிற்பவர் கண்ணுக்கு அது படாது. பக்கக் கிளைகள் மேல்நோக்கி வளர்ந்து மெல்ல மூடிவிடும். இருந்தாலும் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுப்பதில்லை என்று நான் வரையறை வைத்துக்கொண்டேன்.

வடிவம் உயரத்தைவிட முக்கியமானது. அடி அகலமாகவும் உச்சி ஒடுங்கியும் இருக்குமாறு பக்கங்களைச் சற்றுச் சாய்த்து வெட்ட வேண்டும். பார்வைக்கு நேர்ச்சுவர் அழகாக இருக்கலாம், ஆனால் உச்சி அகன்ற வேலியில் அடிக்கிளைகளுக்கு வெயில் கிடைக்காது, அவை இலையிழந்து கீழே வெளிவெளியாகிவிடும். இழந்த அந்த அடி மீண்டும் வராது. தட்டையான அகன்ற உச்சியில் பனியும் தங்கும். 2013 டிசெம்பரில் ரொறன்ரோவை உறைமழை மூடியபோது ஏற்பட்ட சேதத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, பனிக்கட்டியின் பாரம் எதைச் செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒடுங்கிய உச்சியில் பனி வழுக்கி விழும். ஈரப்பனி தங்கினால் தும்புத்தடியால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிவிடலாம். கட்டியாக உறைந்துவிட்டால் தொடக்கூடாது, தானாக உருகும்வரை விட்டுவிட வேண்டும்.

வெட்டும் காலத்தில் இருவேறு வழக்கங்கள் உண்டு. ஏப்ரலில் புதுத்தளிர் வருமுன் வெட்டினால் அந்த ஆண்டின் வளர்ச்சி வெட்டுவாயை மறைத்துவிடும். பெரிய திருத்தத்துக்கு அதுவே ஏற்றது. ஜூன் இறுதியில் முதல் வளர்ச்சி ஓய்ந்தபின் மெல்லச் சீவினால் வேலி அடுத்த வசந்தம்வரை ஒழுங்காக நிற்கும். ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் செய்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் அந்த நேரத்தில் ரொபின் முதலிய பறவைகள் சிடாருக்குள் கூடு கட்டியிருக்கும். புலம்பெயர் பறவைகளின் கூடுகளைக் கலைப்பதற்குக் கனடாவில் கூட்டாட்சிச் சட்டத் தடை இருப்பதால், முதலில் கிளைகளை விலக்கிப் பார்த்து, கூடு இருக்கும் பகுதியை விட்டுவிட வேண்டும். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் வெட்டவே கூடாது. அப்போது வெட்டினால் எழும் தளிர் முதிருமுன் உறைபனி வந்துவிடும்.

மருந்தடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் அழகுக்காக வீட்டுத் தோட்டங்களில் பூச்சிகொல்லி பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. பூச்சிகொல்லிச் சவர்க்காரமும் தோட்ட எண்ணெயும் போன்ற குறைந்த ஆபத்துள்ளவைதான் கடைகளில் உள்ளன. என் பார்வையில் இது இழப்பல்ல. இலை குடையும் பூச்சியின் புழு குளிர்காலம் முழுவதும் நுனிக்குள்ளேயே இருப்பதால், வசந்தத் தொடக்கத்தில் காய்ந்த நுனிகளை வெட்டி, குப்பைப் பையில் கட்டி அகற்றுவதே போதிய மருத்துவம். சிலந்திப் பேனுக்குக் குழாய்நீரை அழுத்தமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி போய்விடும்.

புதிதாக நடுவது

மேற்கு வேலி 15 மீட்டர். அங்கே புதிய சிடார் நடுவது என்றால் 75 சென்ரிமீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய 20 கன்றுகள் வேண்டும். தோட்டக்கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ‘எமரல்ட்’ எனப்படும் வகை. டென்மார்க்கில் உருவாக்கப்பட்ட இதன் உண்மைப் பெயர் ‘ஸ்மராக்ட்’. இயல்பாகவே கூம்பாக, அடர்த்தியாக வளர்ந்து மூன்று, நான்கு மீட்டரோடு நின்றுவிடுவதால் வெட்டும் வேலை மிகக் குறைவு. விலை கூடுதல். மற்றொன்று, வயலிலிருந்து தோண்டி எடுத்து விற்கப்படும் காட்டுச் சிடார். விலை குறைவு, விரைவில் உயரும், ஆனால் ஒழுங்காக அடர்வதற்கு ஆண்டுதோறும் கத்தரி வேண்டும். தோண்டும்போது வேரின் பெரும்பகுதி அறுந்திருப்பதால் முதல் ஆண்டிலேயே இறப்பவையும் உண்டு. இருபதில் நாலு இறந்தால், பல்போன வாய்போல் நிற்கும் அந்த இடைவெளிகளை அதே உயரக் கன்றால் நிரப்புவது கடினம். நீண்ட காலம் இருக்கப்போகும் வீடென்றால் எமரல்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும் என்பது என் முடிவு.

கன்றின் விலையைவிடப் பெரிய செலவு தண்ணீரும் கவனமும்தான். முதல் இரண்டு கோடைகளில் ஒவ்வொரு கன்றுக்கும் வாரத்துக்கு 15 லீற்றர் என்று வைத்தாலும் இருபதுக்கு 300 லீற்றர். அதுவும் மேலோட்டமாகத் தினமும் தெளிப்பதல்ல. கசிவுக் குழாயை அடியில் ஓடவிட்டு, வேர்க்கட்டியின் ஆழம்வரை நனைய வேண்டும். நடும்போது வேர்க்கழுத்து, அதாவது தண்டு வேராகப் பிரியும் இடம், மண்மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது; ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று எண்ணி நட்டவர்களின் கன்றுகள் மூச்சுத் திணறி இறப்பதை நான் பார்த்திருக்கிறேன். 5 முதல் 8 சென்ரிமீட்டர் மரச்சீவல் மூடாக்கு போட்டு, அதைத் தண்டைத் தொடாமல் விலக்கி வைக்க வேண்டும். உரத்தைப் பொறுத்தவரை, சிடாருக்கு அமில மண் வேண்டும் என்று சொல்லி விற்கப்படுவதை வாங்கத் தேவையில்லை. சுண்ணாம்புப் பாறையில் ஆயிரம் ஆண்டு நின்ற மரத்துக்கு நம் களிமண்ணின் சுண்ணாம்பு ஒரு பொருட்டல்ல.

மறைப்பு எப்போது கிடைக்கும் என்பதையும் கணக்கிட வேண்டும். எமரல்ட் ஆண்டுக்கு 15 முதல் 30 சென்ரிமீட்டர் வளரும். நட்ட ஆண்டில் அநேகமாக வளராது. ஒன்றரை மீட்டர்க் கன்று, ஆள் மறையும் உயரத்தைக் கடந்து இடைவெளியும் மூடுவதற்கு நாலைந்து ஆண்டுகள் ஆகும். தோண்டுவதற்குச் சில வேலைநாட்களுக்கு முன்பே ‘ஒன்ராறியோ ஒன் கோல்’ சேவைக்கு அறிவித்து, நிலத்தடி எரிவாயு, மின்சாரக் கம்பிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும், அது இலவசம். பழைய அடிக்கட்டைகளை அரைத்து அகற்றும் கூலியையும் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

பலகை வேலியும் பிற மரங்களும்

பலகை வேலிக்கு இரண்டு மறுக்க முடியாத நன்மைகள் உள்ளன: கட்டிய நாளிலேயே மறைப்பு, பத்து சென்ரிமீட்டர் அகலம். மார்க்கம், பிரம்டன் போன்ற இடங்களில் புதிய குடியிருப்புகளின் ஒடுங்கிய காணிகளில், இரண்டு பக்கமும் சிடார் வைத்தால் அதற்கே இரண்டு மீட்டர் போய்விடும். அங்கே நான் யாரையும் வேலிமரம் நடச் சொல்ல மாட்டேன். குறைகளும் உண்டு. தூண்கள் உறைபனி ஆழத்துக்குக் கீழே, அதாவது ரொறன்ரோப் பகுதியில் ஏறக்குறைய 1.2 மீட்டர் வரை இறங்காவிட்டால், மண் உறைந்து உருகும்போது அவை மேலெழுந்து சாயும். நகராட்சிகள் வேலி உயரத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன. ரொறன்ரோவில் பின்முற்றத்தில் பொதுவாக 2 மீட்டர். அயல்வீட்டு மேல்மாடி யன்னலிலிருந்து அது மறைக்காது. பதனிட்ட மரமும் ஒருநாள் உக்கிப்போகும். பராமரித்த சிடாருக்கு அந்தக் கணக்கு இல்லை.

வேறு மரங்களில் யூ மட்டுமே சிடாரைச் சில விடயங்களில் வெல்கிறது. நிழலைப் பொறுக்கும்; பழைய தண்டிலிருந்தும் துளிர்க்கும், நம் கிளுவையைப் போல. ஆனால் அதன் இலையும் விதையும் மனிதருக்கும் நாய்க்கும் கொடிய நஞ்சு, அதன் சிவந்த பழமோ குழந்தைகளின் கண்ணைக் கவரும். பேரப்பிள்ளை தவழும் முற்றத்தில் அதை நடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன். பொக்ஸ்வூட் தாழ்ந்த வேலிக்குத்தான் உதவும். 2018இல் ரொறன்ரோவில் கண்டறியப்பட்ட பொக்ஸ்வூட் அந்துப்பூச்சி பரவியபின் அதையும் பரிந்துரைக்க மனமில்லை. ஹெம்லொக் நிழலில் அழகாக வளரும், ஆனால் உப்பையும் வரட்சியையும் தாங்காது. அதன் சாற்றை உறிஞ்சிக் கொல்லும், வெண்பஞ்சு போர்த்த ஒரு சிறு பூச்சியும் ஒன்ராறியோவுக்குள் வந்துவிட்டது.

எந்த வேலியாயினும் எல்லைக் கோட்டில் நின்றால் அது உங்களுடையது மட்டுமல்ல. ஒன்ராறியோ வனச் சட்டத்தின்படி, தண்டு எல்லையில் வளரும் மரம் இரு காணிக்காரருக்கும் பொதுவானது. மற்றவரின் சம்மதமின்றி அதைச் சேதப்படுத்துவது குற்றம். தெற்குப் பக்கத்து வேலி அப்படிப்பட்டது என்பதால், அயலவரின் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துப் பேசிய பிறகே எதையும் தீர்மானித்தோம்.

குளிர்காலக் காய்ச்சலைத் தடுக்க, சாக்குத்துணி போர்த்துவதா, நவம்பரில் நீர் விடுவதா என்ற கேள்விக்கும் நான் ஒரு குளிர்காலத்தைச் செலவிட்டேன். வடக்கு வேலியில், மண் உறையும்வரை, நவம்பர் இறுதிவரைகூட, வாரம் ஒரு தடவை ஆழமாக நீர்விட்ட பகுதி போர்வை இல்லாமலே பச்சையாக வந்தது. நீர்விடாமல் சாக்கு மட்டும் கட்டிய இரண்டு மரங்கள் பழுத்தன. சாக்குத்துணி, வீதியோரத்தில் உப்புத் தெறிப்பைத் தடுக்கவும் இளங்கன்றுகளுக்குக் காற்றை மறைக்கவும் பயன்படும். அப்போதும் மரத்தில் சுற்றாமல், சற்றுத் தள்ளிக் கம்புகள் நட்டுத் திரையாகக் கட்டுவதே சரி. பிளாஸ்ரிக் ஒருபோதும் வேண்டாம், வெயில் நாளில் உள்ளே வெந்துபோகும்.

எங்கள் முடிவு ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறாக அமைந்தது. வடக்கு வேலியை மீட்கிறோம்: சென்ற ஏப்ரலில் உயரத்தை நான்கிலிருந்து மூன்று மீட்டராகக் குறைத்தோம், அகலத்தை ஆண்டுக்குச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறோம், உச்சி ஏற்கெனவே மூடத் தொடங்கிவிட்டது. தெற்கில், அயலவர் சம்மதத்தோடு, மரங்களை அப்படியே விட்டு, காய்ந்த அடிக்கிளைகளை மட்டும் அகற்றி, நிழலில் வளரும் பன்னங்களை நட்டோம். கண்மட்டத்தில் மறைப்பு இருக்கும்போது வேறு செலவு தேவையில்லை என்று இருவருக்கும் தோன்றியது. மேற்கில், உப்பு ஆண்டுதோறும் வரும் என்பதால், மீண்டும் சிடார் நடுவதை விட்டுப் பலகை வேலிக்கே போனோம். மூலைக் காணியாதலால், சந்தியில் வாகனமோட்டிகளின் பார்வையை மறைக்காத உயரம் எது என்று நகராட்சியிடம் கேட்ட பிறகே தூண் நட்டோம்.

மேற்கு வேலியின் உள்முனையில், வீதியிலிருந்து தள்ளி நிற்கும் மூன்று மரங்களை மட்டும் இன்னும் தொடவில்லை. மேலே பழுத்திருக்கின்றன, ஆனால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரிகிறது. காய்ந்ததுபோல் தோன்றும் நுனிகளிலிருந்தும் சில நேரம் ஜூன் நடுவில் தளிர் வருவதுண்டு. அதுவரை நீர் விட்டுக்கொண்டு காத்திருக்கிறோம். தளிர் வந்த இடம்வரை வைத்துக்கொண்டு, வராததை அப்போது வெட்டுவோம்.